கேனில் இருப்பது காற்று இல்லை

கேள்வி: சென்னை ரிச்சி தெருவில் ஒரு மொபைல் சர்வீஸ் கடையில் வேலை பார்க்கிறேன். வயது 26. போர்டில் ஷார்ட் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க, தூசி தட்டும் ஏர் டஸ்டர் கேனைத் தலைகீழாகப் பிடித்து அடிப்போம். போர்டு மேல் வெள்ளையாகப் பனி படியும். கரன்ட் கொடுத்தால் ஷார்ட் ஆன பார்ட் சூடாகி, அந்த இடத்தில் மட்டும் பனி உருகும். போன சனிக்கிழமை இப்படி அடித்தபோது, போர்டைப் பிடித்திருந்த இடது கையில் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் பட்டுவிட்டது. வலி பெரிதாக இல்லை. ஆனால் இரண்டு விரலும் மெழுகு மாதிரி வெளுத்துவிட்டன, தொட்டால் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த ஹாட் ஏர் மெஷினைக் குறைந்த சூட்டில் வைத்துக் காட்டினேன். பத்து நிமிஷத்தில் நிறம் திரும்பியது, அப்புறம் தாங்க முடியாத எரிச்சல். மறுநாள் காலையில் கட்டைவிரலில் தண்ணீர்க் கொப்புளம், ஆள்காட்டி விரலில் கருஞ்சிவப்பாக ஒன்று. அம்மா காபித்தூள் வைத்தார். கடையில் ஒருவர் தண்ணீர்க் கொப்புளத்தை ட்வீசரால் குத்திவிட்டார். இன்று நான்காம் நாள். ஆள்காட்டி விரல் நுனி இன்னும் மரத்தே இருக்கிறது. வெறும் காற்று பட்டு இப்படி ஆகுமா? கேனில் ஆசிட் ஏதாவது கலக்கிறார்களா? கருப்புக் கொப்புளத்தையும் உடைத்துவிடலாமா? தோல் வெள்ளையாகவே நின்றுவிடுமா? அடுத்த மாதம் எனக்கு நிச்சயதார்த்தம்.

பதில்: தம்பி, உங்கள் கடிதம் வந்த அன்றே "உடனே போய்க் கையைக் காட்டுங்கள், எதையும் உடைக்காதீர்கள்" என்று இரண்டு வரி அனுப்பியிருந்தேன். போயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். போகவில்லை என்றால் மிச்சத்தை ஆஸ்பத்திரி வரிசையில் நின்றுகொண்டு படியுங்கள். நான்கு நாளாகியும் விரல் நுனி மரத்திருக்கிறது, ரத்தக் கொப்புளம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டும் சேர்ந்தால் நேரில் பார்க்காமல் யாரும் மருந்து சொல்லக் கூடாது. நீங்கள் இருக்கும் ஊரில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயப் பிரிவு இருக்கிறது, ஸ்டான்லியில் கைகளுக்கென்றே தனி அறுவை சிகிச்சைத் துறை இருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு காபித்தூள் எதற்கு?

ஆசிட் எதுவும் கலக்கவில்லை. கேனில் காற்றும் இல்லை. "கம்ப்ரஸ்டு ஏர்" என்று மேலே அச்சடித்திருப்பதுதான் பாதிப் பேரை ஏமாற்றுகிறது. அவ்வளவு சின்ன டப்பாவில் வெறும் காற்றை அடைத்தால் நாலு அடியில் தீர்ந்துவிடும். உள்ளே இருப்பது அழுத்தத்தால் திரவமாக்கப்பட்ட வாயு. பெரும்பாலும் டைஃப்ளூரோ ஈத்தேன், இல்லையென்றால் கார் ஏசி மெக்கானிக்குகள் "134 கேஸ்" என்று சொல்வார்களே, அது. சில மலிவு கேன்களில் சமையல் கேஸின் உறவுக்காரர்களான பியூட்டேனும் புரொப்பேனும் இருக்கும். கேனை லேசாக ஆட்டிப் பாருங்கள், தண்ணீர் மாதிரி ஏதோ அலம்புவது கையில் தெரியும். டைஃப்ளூரோ ஈத்தேனின் கொதிநிலை மைனஸ் 25 டிகிரி, 134-க்கு மைனஸ் 26.

திரவம் ஆவியாக வெப்பம் வேண்டும், அதைப் பக்கத்தில் கிடைப்பதிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். ஊசி போடும் முன் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருப்பதும் மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான். கல்யாண மண்டபத்தில் பெரிய அடுப்பு எரியும்போது கேஸ் சிலிண்டரின் அடிப்பக்கம் வெள்ளையாகப் பனி பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் இந்தக் கணக்குதான். கேனை நிமிர்த்திப் பிடித்தால் மேலே இருக்கும் வாயு மட்டும் வரும். தலைகீழாகப் பிடித்தால் திரவமே பீச்சும். அது உங்கள் விரலில் விழுந்து, உங்கள் தோலின் வெப்பத்தை எடுத்துக்கொண்டுதான் ஆவியாகும். தோல் உறைய ஆரம்பிப்பது பூஜ்யத்துக்கு ஒரு டிகிரிகூடக் கீழே போகாத இடத்தில். போர்டு மேல் என்ன படிந்ததோ அது உங்கள் விரலுக்குள்ளும் படிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இமயமலை ஏறுகிறவர்களுக்கும் சியாச்சின் ராணுவ வீரர்களுக்கும் வரும் ஃப்ராஸ்ட்பைட்தான் இது. ரிச்சி தெரு வெயிலில் உட்கார்ந்தபடி உங்களுக்கு வந்திருக்கிறது.

இந்தக் காயத்தில் ஆளை ஏமாற்றுவது வலி இல்லாததுதான். சுடு பாத்திரத்தைத் தொட்டால் கை தானாக விலகும். உறைந்த நரம்பு சேதி சொல்லாது. ஏசி வேலை பார்க்கும் ஒருவர் என்னிடம் வந்தபோது, விரலை மேஜை விளிம்பில் தட்டிக்காட்டி, "மரக்கட்டை மாதிரி இருந்துச்சு சார், சிரிச்சிட்டு வேலையைப் பார்த்தேன்" என்றார். சிரித்துவிட்டு இன்னும் அரைமணி நேரம் அதே வால்வில் கை வைத்திருக்கிறார். உங்களுக்கும் வலித்திருந்தால் முதல் நொடியிலேயே போர்டைக் கீழே போட்டிருப்பீர்கள்.

அப்புறம் அந்த ஹாட் ஏர் மெஷின். எழுதும்போது உங்களுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்திருக்கும், பரவாயில்லை. 1812-ல் மாஸ்கோவிலிருந்து பின்வாங்கிய நெப்போலியனின் சிப்பாய்கள் செய்ததும் இதேதான். மரத்துப்போன கையையும் காலையும் இரவு நெருப்பில் காட்டினார்கள். உணர்ச்சி இல்லாததால் தோல் வெந்ததே தெரியவில்லை. மறுநாள் நடக்கும்போது திரும்ப உறைந்தது. இதைக் கூடவே இருந்து பார்த்த படை மருத்துவர் லாரே, சூடு காட்டவே கூடாது, பனிக்கட்டியால் தேய்த்து மெதுவாகத்தான் சூடாக்க வேண்டும் என்று எழுதிவைத்தார். நெருப்பைப் பற்றி அவர் சொன்னது சரி, பனியால் தேய்ப்பது தப்பு. ஆனாலும் அந்தத் தப்பு நூறு வருஷத்துக்கும் மேல் பாடப்புத்தகங்களில் இருந்தது. "காயம் எரிகிறது, ஐஸ் வை" என்று இன்றைக்கும் யாராவது சொல்லத்தான் செய்கிறார்கள். ஏற்கெனவே உறைந்த தோலுக்கு மேலும் ஐஸ் வைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள்.

உங்கள் விரலில் இப்போது குளிரால் வந்த காயம் எவ்வளவு, மெஷினால் வந்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் கலந்திருக்கலாம். டாக்டரிடம் கேனைப் பற்றிச் சொல்லும்போது மெஷினைப் பற்றியும் மறைக்காமல் சொல்லுங்கள். முடிந்தால் காலி கேனைக் கையோடு எடுத்துப் போங்கள். ஓ.பி.-யில் உட்கார்ந்திருக்கும் இளம் டாக்டருக்கு நம்ம ஊரில் ஃப்ராஸ்ட்பைட் உடனே நினைவுக்கு வராது. "காற்றடித்துக் கொப்புளம்" என்றால் ஏதோ அலர்ஜி என்று எழுதிவிடக்கூடும்.

பட்டவுடன் என்ன செய்திருக்க வேண்டும் என்பதை உங்கள் கடையில் இருக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன். மோதிரம், கயிறு, வாட்ச் எதுவானாலும் முதலில் கழற்றுங்கள். கொஞ்ச நேரத்தில் விரல் வீங்கும், அப்போது மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். துணியில் பட்டு அது தோலோடு ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், வெதுவெதுப்பான தண்ணீர் விட்டால் தானாக விடும். பிறகு கையை வெதுவெதுப்பான தண்ணீரில் அமிழ்த்துங்கள். 37-லிருந்து 39 டிகிரி, அதாவது உடம்பின் சூடு அல்லது மிக லேசான காய்ச்சலின் சூடு. தெர்மாமீட்டர் தேட வேண்டாம். குழந்தையைக் குளிப்பாட்டும் முன் முழங்கையை விட்டுப் பார்ப்பார்களே, அந்தப் பதம். அடிபட்ட கையால் பார்க்கக் கூடாது, அதற்குத்தான் எதுவும் தெரியாதே. மே மாசத்து மத்தியானத்தில் மொட்டைமாடி டேங்க்கிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் சில நேரம் இந்தப் பதத்தையும் தாண்டிக் கொதிக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஆற ஆற வெந்நீர் கலந்து, தோல் மெத்தென்று ஆகி நிறம் திரும்பும்வரை பதினைந்து முதல் முப்பது நிமிஷம் வைக்க வேண்டும். தண்ணீரே கிடைக்காத இடத்தில் விரலைக் கக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தேய்க்கக் கூடாது. உறைந்த தோலுக்குள் ஐஸ் துகள்கள் இருக்கின்றன, தேய்த்தால் அவை உள்ளே கிழிக்கும்.

நிறம் திரும்பும்போதுதான் உயிர்போகும் எரிச்சல் வரும். அது ரத்த ஓட்டம் திரும்புவதற்கு அடையாளம். கூடவே இன்னொரு வேலையும் உள்ளே நடக்கும். குளிரில் அடிபட்ட மெல்லிய ரத்தக்குழாய்கள் சுருங்கி, அவற்றுக்குள் சின்னச் சின்ன ரத்தக்கட்டிகள் உருவாக ஆரம்பிக்கும். காயத்தின் பாதிச் சேதம் உறையும்போது நடப்பதில்லை, உருகிய பிறகு நடப்பது. கொப்புளம் உடனே வராமல் உங்களுக்கு மறுநாள் காலையில் வந்ததும் இதனால்தான். ஐபுப்ரோஃபென் மாத்திரை இந்த இடத்தில் வலிக்கு மட்டுமில்லாமல் அந்த அழற்சியைக் குறைக்கவும் கொடுக்கப்படுகிறது. அல்சர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. விரல் முழுவதும் உறைந்துபோகும் கடுமையான கேஸ்களில் முதல் 24 மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவதுண்டு. ஐலோபிராஸ்ட் என்ற மருந்துக்கு 2024-ல் அமெரிக்காவில் ஃப்ராஸ்ட்பைட்டுக்கென்றே அனுமதி கொடுத்தார்கள். உங்களுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது, அந்த அளவுக் காயமாகவும் தெரியவில்லை. ஆனால் கேனை முழுதாகக் கை மேல் காலி செய்துவிட்டு "நாளைக்குப் பார்க்கலாம்" என்று படுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்காகச் சொன்னேன்.

இந்தத் தண்ணீர் வைத்தியம் எல்லாம் அன்றைக்கு மட்டும்தான். நான்காம் நாளில் வெந்நீரில் கை வைப்பதால் ஒரு பிரயோஜனமும் இல்லை, புண் ஊறிப்போகும்.

கொப்புளங்களுக்கு வருவோம். தெளிந்த நீர் உள்ள கொப்புளம் என்றால் காயம் தோலின் மேல்பகுதியோடு நின்றிருக்கிறது என்று பெரும்பாலும் அர்த்தம். கருஞ்சிவப்பாக ரத்தம் கட்டியது என்றால் தோலின் ஆழத்திலுள்ள ரத்தக்குழாய்களும் அடிபட்டிருக்கின்றன. நீர்க் கொப்புளம் பெரிதாக இருந்தால் நாங்கள் சுத்தமான ஊசியால் நீரை மட்டும் எடுப்போம், மேல்தோலை மூடியாக விட்டுவிடுவோம். ரத்தக் கொப்புளத்தைத் தொட மாட்டோம். அது உடைந்தால் கீழே இருக்கும் பச்சைத் தோல் காய்ந்து, காயம் இன்னும் ஆழமாகிவிடும். ஆக, உங்கள் கருப்புக் கொப்புளத்தைக் குத்த வேண்டாம். அந்த நண்பரிடம் ட்வீசரை மேஜையிலேயே வைக்கச் சொல்லுங்கள். அதில் பற்றவைக்கப் பூசும் ஃபிளக்ஸும் ஈயமும் போன வாரம் பிரித்த போனின் அழுக்கும் ஒட்டியிருக்கும். கடைசியாக டெட்டனஸுக்கான டி.டி. ஊசி போட்டு ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தாலோ, எப்போது போட்டோம் என்றே நினைவில்லை என்றாலோ, இப்போது ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

காபித்தூளை வைத்ததற்காக அம்மாவிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். டூத்பேஸ்ட், மாவு, மஞ்சள், இங்க் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று இருக்கிறது. காபித்தூளில் எங்களுக்கு உள்ள பெரிய சிரமம், அது புண்ணின் நிறத்தை மறைத்துவிடும். ஃப்ராஸ்ட்பைட்டில் நிறத்தைப் பார்த்துத்தான் ஆழத்தைக் கணிக்கிறோம். ஒட்டியிருக்கும் தூளைச் சுரண்ட வேண்டாம், டிரெஸ்ஸிங்கின்போது சலைன் விட்டு ஊறவைத்து எடுத்துவிடுவார்கள். தீக்காயத்துக்கு எல்லோரும் பூசும் வெள்ளைக் களிம்பையும் இதே காரணத்துக்காக ஆரம்பத்தில் நான் தவிர்ப்பேன். அப்புறம், மெடிக்கல் ஷாப்பில் "தோலுக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்டால் ஸ்டீராய்டு கலந்த க்ரீம் ஒன்றை நீட்டுவார்கள். ஆறுகிற புண்ணில் அதைப் போட்டால் ஆறுவது நின்றுபோகும்.

கற்றாழை நல்லதுதான். பாட்டி வைத்தியம் என்று நினைக்காதீர்கள், ஃப்ராஸ்ட்பைட் சிகிச்சை முறைகளிலேயே கற்றாழை ஜெல் இருக்கிறது. உறைந்த தோலில் ரத்தக்குழாயைச் சுருக்கும் ரசாயனங்களைக் குறைக்கும் என்பதற்காகச் சேர்த்தது. ஆனால் தொட்டிச் செடியிலிருந்து வெட்டி அப்படியே வைக்காதீர்கள். வெட்டும் இடத்தில் மஞ்சளாக வடியும் பால் தோலை அரிக்கும், மண்ணும் சேர்ந்து வரும். வாசனை சேர்க்காத சுத்தமான ஜெல்லைக் கொப்புளத்தைச் சுற்றி மெல்லப் பூசி, புண்ணில் ஒட்டாத பாரஃபின் காஸ் துணி வைத்து, அதன் மேல் தளர்வாகக் கட்டினால் போதும். இரண்டு விரலையும் சேர்த்துக் கட்டக் கூடாது, நடுவில் காஸ் இருக்க வேண்டும். தூங்கும்போது கையைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். பகலில் விரலை மெதுவாக மடக்கி நீட்டிக்கொண்டே இருங்கள், இல்லையென்றால் கணு இறுகிவிடும். சிகரெட் பழக்கம் இருந்தால் ஆறும்வரையாவது நிறுத்துங்கள். ஒவ்வொரு சிகரெட்டும் அந்த விரல் நுனிக்குப் போகும் ரத்தத்தைக் கொஞ்சம் குறைக்கிறது.

தினமும் காலையில் ஒரு சோதனை. அடிபட்ட விரலின் நகத்தை ஐந்து நொடி அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு நொடிக்குள் பழைய ரோஜா நிறத்துக்கு வர வேண்டும். நம் தோல் நிறத்தில் சிவப்பு, வெளுப்பெல்லாம் சரியாகத் தெரியாது, நகம்தான் ஜன்னல். நிறம் வரத் தாமதமானாலோ, நுனி நீலமானாலோ காத்திருக்க வேண்டாம். விரல் முழுவதும் வெள்ளரிக்காய் மாதிரி உருண்டு வீங்கி, மடங்கிய நிலையிலேயே நின்று, நீட்டினால் உயிர்போனால் அது சதைநாண் உறைக்குள் சீழ் பிடித்ததாக இருக்கலாம். நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். சர்க்கரை நோய் இருக்கிறதா என்று எழுதவில்லை. இருந்தால் மேலே சொன்ன எல்லாமே இன்னும் அவசரம்.

ஆள்காட்டி விரல் கருத்துக் காய்ந்து ஓடு மாதிரி ஆனால் பயந்துவிடாதீர்கள், அதைப் பிய்க்கவும் வேண்டாம். பல நேரம் அந்த ஓட்டின் கீழேயே புதுத் தோல் வளர்ந்துகொண்டிருக்கும், இரண்டு மூன்று வாரத்தில் தானாக விழும். "ஜனவரியில் உறைந்ததை ஜூலையில் வெட்டு" என்று குளிர்நாட்டு அறுவை மருத்துவர்கள் பொறுமையைப் பற்றிச் சொல்வார்கள். மரப்பு போக வாரங்கள் ஆகலாம். ஆறிய பிறகும் சில மாதங்களுக்கு ஃபிரிட்ஜில் கை வைத்தால் அந்த விரல் மட்டும் சுருக்கென்று வலிக்கும், ஏசி அறையில் சீக்கிரம் சில்லிடும். சிலருக்கு இது வருஷக்கணக்கில் நீடிக்கும்.

இப்போது வெள்ளைத் தழும்பு. நிறம் தரும் மெலனின் செல்கள்தான் தோலிலேயே குளிரை மிகவும் தாங்காதவை. மைனஸ் 4, மைனஸ் 7 டிகிரியிலேயே செத்துவிடும். மற்ற தோல் செல்கள் மைனஸ் 20 வரை தாக்குப்பிடிக்கும். எங்கள் கிளினிக்கில் மருவை உறையவைத்து எடுக்க, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனைத் தெரிந்தே பீச்சுகிறோம். மாநிறத்துக்காரர்களுக்கு அந்த இடத்தில் சில காலம் வெள்ளையாகத் தெரியலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவோம். உங்களுக்கும் ஆறிய இடம் முதலில் கருத்து, பிறகு நடுவில் வெளுத்து, ஓரத்திலிருந்து மெல்ல நிறம் ஏறும். மாதக்கணக்கு ஆகும். ஆழமாகப் பட்ட இடத்தில் ஒரு சின்னப் புள்ளி நிரந்தரமாக நிற்கவும் கூடும். இது வெண்புள்ளி நோய் இல்லை, பரவாது, தொற்றாது. பெண் வீட்டார் யாராவது உற்றுப் பார்த்தால் நடந்ததைச் சொல்லிவிடுங்கள். உங்களுக்கு ஏற்கெனவே வெண்புள்ளி இருந்தால் மட்டும் தோல் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள், அடிபட்ட இடத்தில் அது புதிதாக வரும் இயல்பு உண்டு. மற்றபடி மோதிரம் வலது கைக்குத்தானே.

வேலைக்கு எப்போது போகலாம்? புண் மூடும்வரை சோல்டரிங், போர்டு துடைக்கும் ஐ.பி.ஏ. (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்), ஃபிளக்ஸ் எதுவும் அந்தக் கையில் படக் கூடாது. உணர்ச்சி திரும்பாத விரலால் சோல்டரிங் அயர்னைப் பிடிக்கவே கூடாது, சுட்டாலும் தெரியாது.

திரும்பப் போனதும் அந்தத் தலைகீழ் கேன் பழக்கத்தை விடுங்கள். ஷார்ட் பார்க்க ரோஸின் (மரப்பிசின்) புகை இருக்கிறது. ஐ.பி.ஏ. தடவி எந்த இடம் முதலில் காய்கிறது என்று பார்க்கலாம். வசதியிருந்தால் தெர்மல் கேமரா. அடித்தே ஆக வேண்டும் என்றால் போர்டை ஸ்டாண்டில் மாட்டுங்கள், கையில் பிடிக்காதீர்கள். மெல்லிய ரப்பர் கையுறை உதவாது. திரவம் உள்ளே இறங்கிவிட்டால் வெளியேற வழியில்லாமல் தோலோடு ஒட்டியே கிடக்கும். துணிக் கையுறை நனைந்து இன்னும் மோசம். இன்னொன்று, டைஃப்ளூரோ ஈத்தேன் தீப்பிடிக்கும். ஒரு மேஜையில் ஹாட் ஏர் ஓட, பக்கத்து மேஜையில் கேன் பீச்சுவது எனக்குப் பிடிக்கவே இல்லை. கண்ணில் பட்டால் தேய்க்காமல் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கடைப் பையன்கள் யாராவது விளையாட்டாக இதை மோந்து பார்த்தால் அன்றே நிறுத்துங்கள். இந்த வாயுவை உள்ளிழுத்து, இதயத் துடிப்பு தாறுமாறாகி, அந்த இடத்திலேயே இறந்தவர்கள் உண்டு.

உங்கள் கடைக்குக் கீழே பைக் மெக்கானிக் கடை இருந்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. கம்ப்ரஸர் குழாய்க் காற்று வேறு கதை. அது உறையவைக்காது, தோலைத் துளைத்து உள்ளே போகும். சின்னக் கீறல் வழியாகப் போனாலும் கை உப்பும், அழுத்தினால் அப்பளம் நொறுங்குவது போல் நறநறவென்று கேட்கும். வெளியே ஊசிமுனை அளவு ஓட்டைதான் தெரியும், வலிகூட அதிகம் இருக்காது. காற்றோடு கிரீஸோ பெயின்ட்டோ போயிருந்தால் சில மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தால்தான் விரல் மிஞ்சும். உடம்பிலுள்ள தூசியைத் தட்ட அந்தக் குழாயைக் காட்டுவதும், சக தொழிலாளி மேல் விளையாட்டாக அடிப்பதும் நம் பட்டறைகளில் இன்றும் நடக்கிறது. குடல் கிழிந்து இறந்தவர்களைப் பற்றிப் பேப்பரில் படித்திருப்பீர்கள்.

டிரெஸ்ஸிங் மாற்றும்போதெல்லாம் அதே வெளிச்சத்தில், அதே கோணத்தில் விரலைப் போட்டோ எடுத்து வையுங்கள். ஒவ்வொரு முறையும் ஓ.பி.-யில் வேறு டாக்டர் உட்கார்ந்திருப்பார், நேற்று எப்படி இருந்தது என்று அவருக்கு அந்தப் படம்தான் காட்டும். பத்து நாள் கழித்து எனக்கும் ஒன்று அனுப்புங்கள்.